சர்க்கரை டப்பாவைத் தாண்டிப் போன கண்

சீசாத் தொழிற்சாலையில் முப்பது வருஷமும் அவளுக்கு ஒரே வேலைதான். விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடும் சீசாக்களில் கீறல் தேடுவது. மயிரிழைக் கீறலும் தப்பாது. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டுக்கு வந்தாள். தன் வீட்டில் என்னென்ன குறை கண்டுபிடிப்பாளோ என்று தம்பி மனைவி பயந்தாள். சமையலறைக்குள் வந்தால் நாத்தனாரின் கண் ஓரிடத்தில் நிற்காது. அலமாரி, ஜன்னல் மூலை, பிசுக்கேறிய மேல்தட்டு, மறுபடி அலமாரி என்று மேயும்.

"என்னக்கா, இங்கயும் கீறல் தேடுறீங்களா?"

"இல்லம்மா... சர்க்கரை..."

"மூக்குக்கு நேரா இருக்கே! அது தெரியாது, என் அழுக்கு மட்டும் தெரியும்."

பூதக்கண்ணாடி சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பு தம்பி மனைவிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"இனிமே நீங்க உள்ள வர வேணாம். டீ நானே கொண்டாந்து தர்றேன்."

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்குப் போனவள் வீடு திரும்ப வழி தெரியாமல் நின்ற பிறகுதான், தம்பியும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே ஒரு மேஜையில் டீ போடச் சொன்னார்கள். மாட்டிவிட்ட கண்ணாடியில் குட்டிக் கேமரா. அவள் பார்வை போகும் இடமெல்லாம் திரையில் பச்சைப் புள்ளியாக ஓடியது. சர்க்கரை டப்பாவை மூன்று முறை தொட்டுவிட்டு, மூன்று முறையும் தாண்டிப் போனது.

"நமக்குக் கை நீளுறதுக்கு முன்னாடியே கண்ணு அங்க போய் நிக்கும்," என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு டப்பா மேல கண்ணு பட்டும், அதுதான்னு பிடிபடல. மறதி நோயோட ஆரம்பம். வீட்டுல முன்னாடியே ஏதாவது கவனிச்சீங்களா?"

"இல்லைங்களே," என்றான் தம்பி.

ஒவ்வொரு பார்வையையும் எண்ணி எண்ணிக் குமைந்த தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"செஞ்ச வேலையை விடாம செய்யச் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா. " விட்டா சீக்கிரம் மறந்துடும்."

அன்று சாயங்காலம் தம்பி மனைவி கூப்பிட்டாள். "வாங்கக்கா, டீ போடலாம்."

நாத்தனார் வாசலோடு நின்றாள். "நீயே கொண்டாம்மா. எனக்கு எதுக்கு?"

தம்பி மனைவி கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். மேடையில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டப்பாவையும் கரண்டியையும் மட்டும் வைத்தாள். பூதக்கண்ணாடி கரண்டி நிறையச் சர்க்கரை அள்ளி, டம்ளருக்கு மேலே பிடித்தபடி நின்றாள்.

"எத்தனைம்மா போடணும்?"

"உங்க இஷ்டம்க்கா."

அந்த முகத்தில் பயம் ஏறியது.

"ரெண்டுக்கா," என்றாள் அவசரமாக. "ரெண்டு போதும்."