அமாவாசை இரவு மட்டும் கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அண்ணன் பிறந்தது ரிஷிவந்தியத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் வேலைக்குப் போய், என்னை ஆய்வகப் படிப்பு முடிக்க வைத்தார். மலைமேல் கரியாலூருக்கு ஏறும் சாலையில், அடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்த பிறகு அவருக்கு அந்துப்பூச்சிகள் மீது ஈடுபாடு வந்தது.

அவரே செய்த பொறி அது: ஒரு பெயிண்ட் வாளி, அதன் வாயில் புனல், மேலே புற ஊதா விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் உள்ளே விழுந்து அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். விடிந்ததும் ஒவ்வொன்றையும் படமெடுத்து, இறக்கைக் கோடும் உணர்கொம்பும் பார்த்து இனத்தைக் கண்டறிந்து, செடி மறைவில் விட்டுவிடுவார். சந்தேகமானதற்குக் கேள்விக்குறி போடுவார். ஊகித்து எழுதியதில்லை. பட்டியலைக் கணினியில் ஏற்றியது நான்.

பக்கத்து நிலத்தில் பெரியப்பா சுற்றுலா விடுதி கட்டி, வாசலில் பெரிய ஃபோகஸ் லைட் போட்டார். பூச்சிகள் அந்தக் கம்பத்துக்குப் போயின. அண்ணன் நேரில் போய்க் கேட்டார்.

"இன்னாடா, பூச்சிக்கோசரம் நான் லைட்ட அணைக்கணுமா?"

"மாசத்துல ஒரே ராத்திரி, பெரீப்பா. அமாவாசைக்கு மட்டும். இருட்டா இருந்தாத்தான் நம்ம வாளிக்கு வரும்."

"நல்லா கீதுடா ஒன் கத! அமாவாசைக்குத்தான் லைட்டே வேணும். பௌர்ணமின்னா சொல்லு, ரெண்டு நாளு சேத்தே அணைக்கிறேன்."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டு வந்தார். நான்கு ஆண்டுகள் கேட்டார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போய்வந்த நாட்களில் அவர் சார்பில் நான் கேட்டேன். "அவன் ஒடம்பு இருக்கிற இருப்புல பூச்சி ஒண்ணுதான் கொறச்சலா?" என்றார் பெரியப்பா.

அண்ணன் இறந்தார். பங்காளித் தீட்டு என்று கருமாதி முடியும்வரை விடுதியைப் பூட்டினார்கள். லைட்டும் எரியவில்லை.

எட்டாம் நாள் காலை, அண்ணன் படத்தின் சட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் வெளிர்பச்சைப் பூச்சி ஒன்று, நீண்ட வாலோடு உட்கார்ந்திருந்தது. பெரியப்பா கைகூப்பினார். "பாருங்க, எம்புள்ள வந்துட்டான்! அவன் வூட்ட வுட்டு எங்க போவான்?" பெரியம்மா கிண்ணத்தில் பால் வைத்தார். எல்லோரும் அழுதார்கள்.

உணர்கொம்பு மெலிந்திருந்தது, அது பெண் பூச்சி. நிலா அந்துப்பூச்சி என்பது அதன் பெயர். வளர்ந்த பின் அது எதையும் உண்பதில்லை, உண்ண வாயில்லை. விடுதி லைட் வந்த நாள்முதல் எங்கள் பட்டியலில் அதன் கட்டம் காலியாகவே இருந்தது. அது வந்ததற்குக் காரணம் இருட்டு. அதை அன்று நான் சொல்லவில்லை. இங்கே பதிவு செய்கிறேன்.

பதினேழாம் நாள் மாலை லைட் மறுபடி எரிந்தது. இன்றும் எரிகிறது.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், விடியலில் ஆட்டோ கொண்டுவந்த அண்ணனின் நண்பருக்கும், அவரைத் தூக்கி நடத்திய பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் உயிரோடு இருந்து கேட்டது மாதத்தில் ஓர் இரவு. அவர் இறந்ததற்குப் பதினாறு இரவுகள் கொடுத்த பெரியப்பாவுக்கும் நன்றி.