அரிசி வாளிக்குள் ஒரு சாவி

அந்தத் தொடரின் கதாநாயகன் ஆளைக் கொல்லுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவான். கழற்றி, மடித்து, பக்கத்தில் உயரமாக எது இருக்கிறதோ அதன்மேல் வைப்பான். பிறகுதான் இரும்புக் கம்பியோ மீன் வெட்டுகிற கத்தியோ கைக்கு வரும். முதல் கொலையில் அவன் தராசுப் படிக்கல்லால் ஒருவனுடைய மண்டையில் அடித்தபோது, சுவரில் தெறித்ததைப் பார்க்க முடியாமல் நான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூன்றாவது கொலை நடந்தபோது உளுந்துவடை தின்றுகொண்டு பார்த்தேன். எல்லாம் பழகிப்போகிறது.

துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒரு சாதுவான மனிதன் கடத்தல்காரனாகி, கொலைகாரனாகிற கதை. வெள்ளிக்கிழமை புதுப் பகுதி வரும். ஒருவரும் தனியாகப் பார்க்கக் கூடாது என்பது எங்களுடைய சட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், என் தங்கையின் தொடர்மாடி வீட்டில் கூடுவோம். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். மேல்மாடியில் இருக்கும், பார்மசியில் வேலை செய்கிற முஸ்லிம் பெண் ஒருத்தி வருவாள். தெஹிவளையிலிருந்து தங்கையின் கணவருடைய அலுவலக நண்பர் வருவார். தங்கையும் கணவரும் வீட்டுக்காரர்கள். ஐந்து பேரும் பார்ப்பது ஒரு மணித்தியாலம், பார்த்ததைப் பிரித்து மேய்வது பொழுதுபடும் வரை.

எங்கள் கூட்டத்தில் கெட்டிக்காரர் தங்கையின் கணவர்தான். எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, சுவரில் தொங்கிய கலண்டர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கதாநாயகன் மனைவியோடு பேசும்போது எப்போதிருந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கத் தொடங்கினான், எல்லாம் அவருக்குத் தெரியும். மெல்லிய குரல். சத்தம் போட்டு அவர் கதைத்து நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் சத்தம் போடுகிற ஆள் நான்தான்.

கண்ணாடியைப் பற்றி அவர்தான் விளக்கம் சொன்னார்.

"அந்தக் கண்ணாடி அவன்ர மனச்சாட்சி. தான் செய்யிறதைத் தானே பார்க்க அவனுக்கு விருப்பமில்லை. அதுதான் கழட்டி வைக்கிறான்."

நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். தேத்தண்ணித் தட்டோடு வந்த தங்கை, "உடைஞ்சிடும் எண்டு கழட்டுறான்" என்றாள்.

சிரித்தோம். உனக்கு எல்லாமே சமையலறைக் கணக்குத்தான் என்று நான் அவளைக் கேலி செய்தேன். கணவரும் சிரித்தார். அவள் தட்டை வைத்துவிட்டு, கால்களை மடித்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் அந்த ஓரம்தான்.

கதாநாயகனுடைய மனைவியை எங்களில் ஒருவருக்கும் பிடிக்காது. அழுவாள், பொறுப்பாள், பிறகு எதையாவது ஒளித்து வைப்பாள். "கதவு திறந்துதானே கிடக்கு, வெளிக்கிட்டுப் போவன்" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்துவேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் முன்னால் நிற்கிறதா திரையில் நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. அலுவலக நண்பர், அவள் செத்தால்தான் கதை நகரும் என்பார். தங்கை தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்குவாள்.

அவள் வீட்டு வாசற்கதவுக்கு வெளியே இரும்புக் கிறில் ஒன்று உண்டு. கடற்காற்றுப் பட்டுத் துருவேறியது. அதில் ஒரு பெரிய பூட்டு. நாங்கள் உள்ளே வந்த பிறகும் அவர் அதைப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போடுவார். கொழும்பில் கள்ளர் கூடிவிட்டார்கள் என்பார். ஒருமுறை வேலை நாளில் அந்தப் பக்கம் போனபோது தங்கை கிறிலுக்கு உள்ளே நின்றே என்னோடு கதைத்தாள். சாவியை எங்கோ வைத்துவிட்டாளாம். கொண்டுபோன மாம்பழங்களை ஒவ்வொன்றாகக் கம்பி இடைவெளியால் கொடுத்துவிட்டு வந்தேன். கவனமில்லாத பெண் என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் திட்டினேன்.

கொட்டாஞ்சேனைக்கு அவளை அவர் விடுவதில்லை. அதற்குக் காரணம் அவரிடம் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் இந்த வருடங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகிறார்கள். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சலூனுக்கு முன்னால், ஒருவன் அப்படி விழுந்து கிடந்ததை நானே பார்த்தேன். ஒரு செருப்பு காலில், மற்றது சாக்கடைக் கானுக்குள். தண்ணீர் ஊற்றி ரத்தத்தைக் கழுவியபோது அது தெருவின் சரிவோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. "அங்க ஆர் மனுசர் இருப்பினம், மச்சாள்? நீங்களும் இஞ்சால வந்திடுங்கோ" என்பார் அவர். அக்கறையான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில், கதாநாயகனுடைய மனைவி வீட்டுச் சாவி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்தாள். அவ்வளவுதான் காட்சி. நாங்கள் அங்கேயே படத்தை நிறுத்திவிட்டு அதன்மேல் விழுந்தோம்.

அரிசி என்றால் வீடு என்றார் நண்பர். பார்மசிக்காரி, அவள் தன் சுதந்திரத்தைப் புதைக்கிறாள் என்றாள். தங்கையின் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாய்க்கரிசியை மறக்கக் கூடாது, அவள் தன்னுடைய சாவைத் தானே ஆயத்தப்படுத்துகிறாள் என்றார். ஆகா என்றோம். என் தங்கைக்கு என்ன வந்ததோ தெரியாது. ஒவ்வொரு வாரமும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தவள், வாக்குவாதத்தின் சூட்டில், எங்கள் எல்லோருக்கும் மேலால் சொன்னாள்:

"ஐயோ, இதில ஒரு குறியீடும் இல்லை. வீட்டில ஆம்பிளையள் கை விடாத ஒரே இடம் அரிசி வாளிதான். எல்லாப் பொம்பிளையளும் அங்கதானே வைக்கிறது."

பார்மசிக்காரி கைதட்டினாள். "அது உண்மதான்" என்றாள். நான் இன்றைக்குத்தான் என் தங்கை என்று நிரூபித்திருக்கிறாய் என்றேன். எல்லோரும் சிரித்தோம். கணவர் கடைசியாகச் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்தார்.

"நான் தேத்தண்ணி போடுறன்."

அந்த வீட்டில் அவர் தேத்தண்ணி போட்டு நான் கண்டதில்லை. தங்கையின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. மடித்திருந்த கால்களை இறக்கி, அவருக்குப் பின்னால் போனாள். நண்பர் படத்தை மீண்டும் ஓடவிட்டார். துறைமுகத்தில் துப்பாக்கிச் சண்டை. சத்தத்தைக் கூட்டினார்.

வெடிச் சத்தங்களுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. தரை ஓட்டில் அரிசி கொட்டுகிற சத்தம். சமைக்கத் தெரிந்த எவளுக்கும் அது பிழையாகக் கேட்காது. நான் எழுந்து போனேன்.

முதலில் கண்ணில் பட்டது பிரிட்ஜின் மேல் இருந்த அவருடைய கைக்கடிகாரம். கழற்றி, வாரை மடித்து, ஒழுங்காக வைத்திருந்தார். உடைந்துவிடும் என்று கழற்றுகிறான். தங்கை சொன்னது ஒரு தொடரைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனி அவரை அவன் என்றே எழுதுகிறேன். அவன் அவளுடைய கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தை அரிசி வாளிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். அவளுடைய கால்கள் கொட்டிய அரிசியில் வழுக்கி வழுக்கிப் போயின. அவனுடைய மற்றக் கை முழங்கைவரை வாளிக்குள். குரல் உயரவில்லை. கண்ணாடியை விளக்கினபோது எப்படிப் பேசினானோ அப்படியே பேசினான்.

"எங்க வச்சனி? தொலைஞ்சு போச்சு எண்டு சொன்ன சாவிதானே? நீயே எடுத்துத் தா."

முகத்தைத் தூக்கினான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தில் அரிசி ஒட்டியிருந்தது. மறுபடி வாளியின் விளிம்பில் மோதினான். என்னைக் கண்டதும், "மச்சாள், இது எங்கட வீட்டு விசயம். நீங்க போய்ப் படத்தைப் பாருங்கோ" என்றான்.

இஞ்சி, உள்ளி இடிக்கிற சின்னக் கல்லுரல் பக்கத்தில் இருந்தது. அதன் குழவியை எடுத்து அவனுடைய முழங்கையில் என் பலம் முழுவதையும் போட்டு அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கூந்தல் அவன் கையிலிருந்து விடுபட்டது. மற்றக் கையால் என் வாயில் குத்தினான். நான் கதவு நிலையில் மோதி விழுந்தேன், ஒரு பல் நாக்கில் தனியாகக் கிடந்தது. எழுந்து இன்னொரு முறை அடித்தேன். எங்கே பட்டதென்று தெரியாது.

அடுப்படி வாசலில் நண்பர் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றார். "இதென்ன, இதென்ன" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்மசிக்காரிதான் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை வரவில்லை. கையை உதறிவிட்டு மறுபடி அந்த வாளியிடம் போனாள். அவன் சுவரோடு சாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான், அவள் குனிந்து வாளியின் அடிவரை கையை விட்டுத் துழாவுகிறாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் கிறில் பூட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. அவனுடைய சாவி அவனுடைய காற்சட்டைப் பையில். பூட்டோடு வந்த சாவிகளில் தொலைந்துபோனதாக அவள் சொன்ன சாவி அவளுடைய கையில், ரத்தமும் தவிடும் ஒட்டிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள்.

அவள் பூட்டைத் திறக்கும்போது அவன் வந்துவிட்டான். நான் வெளியே, தங்கை வெளியே, பார்மசிக்காரி கடைசியாக வெளியே. அவன் இடது கையைக் கிறிலுக்கும் நிலைக்கும் இடையில் விட்டுத் தங்கையின் சட்டையைப் பிடித்தான். பார்மசிக்காரி கிறிலை அந்தக் கையின்மேல் அடித்துச் சாத்தினாள். அதன் பிறகுதான் அவன் முதன்முதலாகச் சத்தம் போட்டான். மாடிப்படியெல்லாம் கேட்டது.

"புள்ள, திரும்பிப் பாக்காம எறங்குங்க" என்றாள் அவள்.

காலி வீதியில் ஒரு ஓட்டோவை மறித்தோம். சாரதி எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்து, "ஹொஸ்பிட்டல் யமுத, நோனா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று. தங்கை வேண்டாம் என்று தலையாட்டி, "கொட்டாஞ்சேனே" என்றாள். ஆட்களைச் சுடுகிற தெருவுக்கு அவள் வாயால் கேட்டுப் போனாள். வழிநெடுக மடியில் விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அடுத்த நாள் போனோம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அவனும் கொடுத்தான். அவனுக்கு முறிந்த முழங்கை இருந்தது, எனக்குப் போன பல் இருந்தது, தங்கைக்கு எத்தனையோ நாளாகச் சேர்ந்த தழும்புகள் இருந்தன. அவனைப் பிணையில் விட்டார்கள். வழக்கு நடக்கிறது.

அலுவலக நண்பர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். இவ்வளவு காலமும் பழகியும் தன் நண்பர் எப்போது மாறினார் என்று விளங்கவில்லையாம், அவருக்குள் மாற்றம் எந்த இடத்தில் தொடங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு மாற்றமும் இல்லை, கலியாணம் கட்டின முதல் மாதமே அவன் கடிகாரத்தைக் கழற்றிவிட்டான், நீங்கள் உங்கள் ரிமோட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருங்கள் என்று பதில் அனுப்பினேன். இன்னும் சில சொற்கள் சேர்த்தேன். அவற்றை அச்சில் போட மாட்டார்கள்.

தொடரைப் பற்றிக் கதைக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகவில்லை. அவனும் விலகவில்லை. நண்பர் புதிதாகச் சேர்த்த ரசிகர்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தொடரின் கடைசிப் பகுதி வந்த கிழமை அவன் நீளமாக எழுதினான். அரிசிக்குள் சாவியை வைத்த மனைவியின் பிழை, கணவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று அவள் நம்பியதுதான் என்று எழுதினான். ஒரு மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டால் அவள் இன்னொன்றைத் தேடுவாள், பெண்களின் மறைவிடங்கள் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கும் என்றும் எழுதினான். அருமையான ஆய்வு என்று வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள்.

தங்கையிடம் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"இன்னும் தேடுறார் அக்கா" என்றாள்.

அவள் இப்போது என்னோடு இருக்கிறாள். என் வீட்டு வாசலில் கிறில் இல்லை. பகலில் கதவு சாத்தியிருக்குமே தவிரப் பூட்டுவதில்லை. அவள் வந்த அன்றே என்னிடமிருந்த மேலதிகச் சாவியைக் கொடுத்திருந்தேன். அது ஆணியில் தொங்கவில்லை. அரிசி வாளிக்குள் ஒருநாள் அளக்கிற சாக்கில் கையை விட்டுப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கேட்டேன்.

"சொல்ல மாட்டன். வாயால சொல்லித்தானே அண்டைக்கு அப்பிடி வந்தது."

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில், என்னிடமிருந்து ஒளிக்கிறாயா என்று கத்தினேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லாதது சரி என்று நானும் பிறகு அடங்கிவிட்டேன்.

போன கிழமை வேறு எதையோ தேடப்போய் அதைக் கண்டுபிடித்தேன். அதே மாதிரிச் சின்னப் பிளாஸ்டிக் பை. இருந்தபடியே திருப்பி வைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. எங்கே என்று இங்கேயும் எழுத மாட்டேன். அவன் நன்றாக வாசிக்கிற ஆள்.