செங்காய்க் கும்பலும் ஷோபனா டீச்சரும்

ஷோபனா டீச்சர் எங்கள் மலைப் பள்ளிக்கு வந்த முதல் நாளே எனக்கு எரிச்சல் மூட்டினார். ஒன்று முதல் ஐந்து வரை முப்பத்தோரு பிள்ளைகள், ஒரே கூடம், ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் தேவராஜ் என்பது நான்தான். இருபத்தாறு வருடமாக எல்லா வகுப்புக்கும் ஒரே பத்துச் சொல்லைப் பலகையில் எழுதி, பத்துத் தடவை எழுத வைத்து எழுத்துப்பிழையை விரட்டியவன். விரட்டினேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். வருகிற மே மாதம் ஓய்வு பெறப்போகிறவனிடம் வந்து இந்தப் பெண், "எல்லாருக்கும் ஒரே சொல்லு குடுத்தா எப்டிங்க சார்? ஆனா ஆவன்னா தெரியாதவனும் இருக்கான், பேப்பர் படிக்கறவளும் இருக்கா" என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். அப்பாவுக்கு ரோட்டோரம் மளிகைக்கடை. புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர். ஷேர் ஜீப்பில் இடிபட்டு வந்தாலும் ஒருநாள் தாமதமானதில்லை. வாய் மட்டும் ஓயாது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டால், மலைக்கு ஏற்ற மாதிரி என்று அதைப் புளியாக்கிவிட்டார். எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவர்கள் பிஞ்சு. ஓரளவு எழுதுகிறவர்கள் பாதி பழுத்த செங்காய். பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் பழம். ஒவ்வொரு கும்பலுக்கும் தனிப் பாய், தனிச் சொல் அட்டைகள். டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கினால் அடுத்த பாய்க்குப் போகலாம்.

பிஞ்சுகள் மளமளவென்று செங்காய்க்கு ஏறினார்கள். எனக்கே ஆச்சரியம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பழத்துக்குப் போட்ட பாய் ஆறு வாரமாகக் காலியாகவே கிடந்தது. நாலாம் வகுப்புக் கலைவாணி, படு சுட்டி, அவள்கூட ஒவ்வொரு முறையும் ஒன்பதிலேயே நின்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கறேன்மா. ஒருத்தராவது பழத்துக்குப் போகலன்னா அட்டையெல்லாம் மூட்ட கட்டிடுங்க. பழையபடி ஒரே பத்துச் சொல்லு" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அப்பாவின் கடையில் கிடந்த காலிப் பெட்டிகளை வெட்டி அவரே செய்த அட்டைகள் அவை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார்! சார்! அவளுக்குத் தெரியுது சார்!" காலையில் தப்பாக எழுதிய அதே சொல்லைக் கலைவாணி ஒரு பிஞ்சுக்குச் சிலேட்டில் முத்து முத்தாக எழுதிக் காட்டுவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாராம்.

கலைவாணியைக் கூப்பிட்டேன். தை மாதம் அல்லவா, கை நிறையப் புளியஞ்செங்காயோடு வந்து நின்றாள்.

"வேணும்னே தப்பா எழுதுனியா?"

"ஆமா சார்." பயமே இல்லை. "பழம்னா மூட்ட கட்டி கீழ செங்கம் சந்தைக்கு எறக்கிடுவாங்க. செங்காதான் நாங்க துன்றது, அதான் ருசி. பழத்துல யாரு சார் போவா?"

கும்பலே பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தப்புப் போட்டிருக்கிறது!

ஷோபனா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க கடைல பழத்துக்குத்தான் சார் மவுசு. மரத்தடியில எதுக்கு மவுசுன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க."

மறுநாள் காலையில் பெயர்கள் மாறின. பூ, பிஞ்சு, செங்காய். நேற்றுவரை செங்காயாக இருந்த பதினாலு பேரும் இன்று பிஞ்சு. கூடம் இரண்டுபட்டது. "டீச்சர், இப்பவே வைங்க டீச்சர்!" டிக்டேஷன் வேண்டும் என்று பிள்ளைகள் சண்டை போட்டதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன். சொற்களை நானே வாசித்தேன். நான் திருத்தும்போது ஷோபனா என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பத்து. பத்து. எட்டு. மறுபடியும் பத்து! பதினாலில் பதினொரு பேர் பத்துக்குப் பத்து.

"அட்டை இருக்கட்டும்மா. மூட்ட கட்டவேண்டியது என்னோட பத்துச் சொல்லத்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஷோபனா கைதட்ட, பிள்ளைகளும் எதற்கென்றே தெரியாமல் தட்டினார்கள்.

செங்காய்ப் பாயில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த கலைவாணி கேட்டாள். "சார், நீங்க எந்தக் கும்பலு?"

"நான் பழம்மா. மே மாசம் என்னைக் கீழ எறக்கிடுவாங்க."

கொஞ்சம் யோசித்தாள். எழுந்து வந்து சாக்பீஸை என் கையில் வைத்தாள்.

"அப்ப ஒண்ணு தப்பா எழுதிடுங்க சார்."