பதிலுக்கு முந்திய மௌனம்

என் புத்தகங்களின் பின்னட்டையில் 'பிரித்தானிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்' என்று போட்டிருக்கிறார்கள். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் அந்தப் பட்டத்துக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. பகலில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தேன்; வேலைக்குப் போகுமுன் கிடைத்த நேரத்தில் எழுதினேன். "நடந்ததையே ஒருத்தரும் இன்னும் எழுதி முடிக்கேல்லை. நீ நடக்காததை எழுதுறாய்" என்பார் அம்மா. நான் ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் எதையும் வாசித்ததில்லை.

என் மூன்றாவது நாவலில் ஓர் இயந்திரம் வருகிறது. கடலோர நகரம் ஒன்றின் வாசலில் நின்று, புகலிடம் தேடி வருகிறவர்களிடம் அது கேள்வி கேட்கும். அவர்கள் சொல்லும் பதில் அதற்குப் பொருட்டில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் கிடக்கும் மௌனத்தைத்தான் அளக்கும். மௌனம் நீண்டால் பொய் என்று முடிவுகட்டி ஆளைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதை நான் முழுக்கக் கற்பனை செய்யவில்லை. லண்டனுக்கு வந்த புதிதில், அலுவலகங்களில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. கணவர் எப்படி இறந்தார் என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா மேசையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். அந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல. ஆனாலும் அந்த இடைவெளியில் அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டது. வளர்ந்து எழுத வந்தபோது அந்த முகத்துக்குத்தான் வயர் பூட்டி இயந்திரமாக்கினேன்.

நாவல் வெளிவந்த வருடம் நகர மையத்தில் ஒரு புத்தகக் கடையில் வாசிப்புக் கூட்டம் வைத்தார்கள். மழை. வந்தவர்களில் பாதிப் பேர் குடை காய வைக்க வந்தவர்கள் போலிருந்தார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கை உயர்த்தினார். கதையைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"களைத்துப்போனவரின் மௌனத்தையும் பொய் சொல்பவரின் மௌனத்தையும் உங்கள் இயந்திரம் எப்படிப் பிரித்தறிகிறது?"

"பிரித்தறியாது. அதனால்தான் அது பயங்கரமானது" என்றேன். சபை சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். கூட்டம் முடிந்து புத்தகத்தில் கையொப்பம் வாங்கும்போது, தங்கள் நிறுவனம் பேச்சை ஆராய்கிற மென்பொருள் செய்கிறது, ஒருநாள் வந்து பேச முடியுமா என்று பணிவாகக் கேட்டார். எழுத்தாளர்களை இப்படிக் கூப்பிட்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேசச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

ஆற்றோரம் கண்ணாடிக் கட்டடம். மேசையைச் சுற்றி மூன்று பேர். மூவர் முன்னாலும் என் நாவல், ஓரங்களில் வண்ணத்தாள் ஒட்டி. என் பதிப்பாசிரியர்கூட அதை அவ்வளவு கவனமாக வாசித்திருக்கமாட்டார்.

நாவலில் ஒரு கிழவி அந்த இயந்திரத்தை ஏமாற்றுவாள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் இருமுவாள், இருமும்போதே யோசித்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டார்: "இருமலைத் தவிர வேறு என்னவெல்லாம் செய்து தப்பப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தப்புகிற வழிகளை என்னைக் கொண்டு சொல்வித்து, ஒவ்வொன்றாக அடைக்கப் போகிறார்கள்.

"நான் இதை நடக்கக் கூடாத ஒன்றாகத்தானே எழுதினேன்" என்றேன்.

"ஆமாம், கதைக்கு அது தேவைதான்" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில்.

என்னால் உதவ முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. புத்தகக் கடைக்கு வந்த மனிதர் லிப்ட் வரைக்கும் கூட வந்தார். "பரவாயில்லை, நாவலிலேயே நிறைய இருக்கிறது" என்றார். நன்றியாகத்தான் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து என் சின்னம்மாவின் இளைய மகன், தன் அண்ணன் காணாமல்போன பிறகு, லண்டனுக்கு வந்து அகதிக் கேஸ் போட்டான். ஈஸ்ட் ஹாமில் சேலைக் கடை ஒன்றுக்கு மேலே இன்னும் மூன்று பேரோடு அறை. ஊரில் நிறையக் கதைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன். முதல் நேர்காணல் முடிந்த பின்னேரம் என்னைப் பார்க்க வந்தான். தேநீர் ஆறும்வரை கோப்பையைத் தொடவில்லை.

"ஆர் கேள்வி கேட்டது?"

"ஆளில்லை அக்கா. திரையிலதான் ஒரு மனுசி. மொழிபெயர்க்கிறவர் போனில. கீழ ஒரு பச்சைக் கோடு ஓடிச்சுது. நான் கதைக்கேக்க அது துள்ளும்."

"நீ கதைக்காத நேரம்?"

"அப்பவும் ஓடும். நான் பேசாமல் இருந்தால் மஞ்சளாப் போகும்."

குரல் பதிவு செய்கிற கருவியாக இருக்கும் என்றார் அவனுடைய கேஸைப் பார்த்த லோயர். இருக்கலாம். கண்ணாடிக் கட்டடத்து மனிதருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னை நினைவில் வைத்திருந்தார். அடுத்த நாவல் எப்போது என்றும் விசாரித்தார். நேர்காணல்களில் ஓடுவது உங்கள் மென்பொருளா என்று கேட்டேன்; வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேச அனுமதி இல்லை என்றார். இல்லை என்று அவர் மறுக்கவில்லை என்பதை அழைப்பை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டாவது நேர்காணலுக்கு நாள் வந்தது. அது என் இயந்திரமோ வேறொன்றோ, எனக்குத் தெரியாது. ஆனால் மௌனத்தை அளக்கிற ஒன்றின் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். சனிக்கிழமைகளில் அவனை என் குசினி மேசையில் எதிரே இருத்தினேன். குரலை மாற்றிக்கொண்டு கேட்டேன்: "உம்மட அண்ணையைக் கடைசியாக் கண்டது எங்கை?"

"எப்பவும் நீ எண்டுறனீங்கள், இப்ப நீர் எண்டுறீங்கள்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. குளிர்சாதனப்பெட்டி மட்டும் இரைந்தது.

"பிந்திப்போச்சு. திருப்பிச் சொல்லு."

"ஏலாது அக்கா. அவனை நினைச்சால் முதல் அந்த வாசல்தான் வருது. பிறகுதான் சொல் வருது."

"வாசலை விடு. சொல்லை மட்டும் சொல்லு. உடனே."

வாரம் போகப் போக அவன் தேறிவந்தான். முதலில் உடைந்து உடைந்து வந்த பதில் பிறகு வாய்ப்பாடு மாதிரி வந்தது. வீட்டு வாசலில பிடிச்சவங்கள். விடியப்புறம். பிறகு காணேல்லை. எல்லாம் உண்மை, ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. ஒருநாள் என் கேள்வி முடியுமுன்னே பதில் வந்து விழுந்தது. அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "பிள்ளையை என்ன செய்யிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கோடு கடைசிவரைக்கும் பச்சையாகவே இருந்தது என்று நேர்காணல் முடிந்து வந்து சொன்னான். அந்த வருடம் முடிய முன்னமே விசா கிடைத்தது. சின்னம்மா வீடியோவில் அழுதார். அழுகைக்கு நடுவில் அவர் கேட்டதற்கெல்லாம் அவன் டக் டக்கென்று பதில் சொன்னான். வேலையும் எடுத்துவிட்டான். மகிழ்ச்சியான நாட்கள்தான்.

விசா கிடைத்தால் செய்வதாக நேர்த்தி வைத்திருந்தபடி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானம் கொடுத்தோம். அவனே பந்தியில் பரிமாறினான். அம்மாவுக்கு ஊரிலிருந்தே பழக்கமான ஒரு பெண்மணி அவனை இனங்கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்கட அண்ணையைப் பற்றி ஏதும்...?"

"வீட்டு வாசலில பிடிச்சவங்கள். விடியப்புறம். பிறகு காணேல்லை. சோறு இன்னும் போடவோ?"

அந்தப் பெண்மணி கையை விட்டுவிட்டார். சோற்றுக் கரண்டி இலைக்கு மேலே நீட்டியபடி நின்றது. அவன் முகத்தில் துயரமும் இல்லை, கோபமும் இல்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறவனின் கவனம் மட்டும் இருந்தது.

அவனை ரயிலடியில் இறக்கிவிடக் காரில் கூட்டிப்போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னேன்: "இனி இப்பிடி அவசரப்பட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆறுதலா யோசிச்சுச் சொல்லலாம். இப்ப உன்னை ஒருத்தரும் கேட்டுக்கொண்டு..."

"அது ஆருக்குத் தெரியும் அக்கா?" என்றான், நான் முடிக்கும் முன்னமே.