மூலைக்காட்டின் மூன்றாவது பக்கம்

பாகப்பிரிவினையில் எனக்கு எழுபது சென்ட் என்று பேசி முடித்ததும் அண்ணன் கையை நீட்டிக் காட்டியது மூலைக்காட்டைத்தான். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் நிலத்தில் டிராக்டர் திரும்பக்கூட வசதியில்லாத முக்கோணத் துண்டு அது. மூலையாக இருந்தால் இருக்கட்டும், எழுபது சென்ட்டும் முழுசாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா சம்பாதித்த மண்ணில் அது என் பங்கு. அதில் ஒரு சென்ட் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

பெரியப்பாதான் அளந்தார். நாடாவின் மறுமுனையை அண்ணி பிடித்துக்கொண்டார். கிணற்று மூலையிலிருந்து ஒரு வரப்பு முந்நூறு அடி, இன்னொரு வரப்பு இருநூறு அடி.

"ரெண்டையும் பெருக்கிப் பாதி போட்டா முப்பதாயிரம் சதுரடி. எழுபது சென்ட்டுக்குப் பக்கமா வருது. சரியாப் போச்சு சாமி" என்றார் பெரியப்பா.

எங்கள் ஊரில் மூலைக்காடு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வேலியோரம் ஓடும் மூன்றாவது பக்கத்தை யாரும் அளப்பதே இல்லை. நான் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். அந்தப் பாதிப் பெருக்கல் சரியாக வர, இரண்டு வரப்பும் சேரும் மூலை செங்கோணமாக இருக்க வேண்டும். இதுவோ சாய்வு நாற்காலி மாதிரி விரிந்து கிடந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மூணாவது பக்கத்தையும் அளங்க பெரிப்பா."

முனகிக்கொண்டே அளந்தார். நானூற்று அறுபது அடி.

அது போதும். மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் எந்தக் கோணல் முக்கோணமும் கொசைன் விதியிடம் தப்ப முடியாது. என் மாணவர்கள் கொட்டாவி விடும் அதே விதிதான். செல்போனில் தட்டினேன். மூலை நூற்று முப்பத்து மூன்று பாகை. அதன் சைனைப் போட்டுப் பெருக்கினால் நிலம் இருபத்திரண்டாயிரம் சதுரடி, அதாவது ஐம்பது சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே.

"போனு சொன்னா பூமி சுருங்கீருமா அம்மிணி?" என்றார் அண்ணன்.

இரண்டு கைகளையும் செங்கோணமாகப் பிடித்து, பெரியப்பா முன்னால் போய் நின்றேன். "இந்தக் கை ஒரு வரப்பு, இது இன்னொரு வரப்பு. இப்ப விரிச்சுக்கிட்டே போறேன், பாருங்க." கைகள் ஒரே கோடாகும்வரை விரித்தேன். "ரெண்டும் அதே நீளந்தானுங்க. பெருக்கிப் பாதி போட்டா இப்பவும் எழுபது சென்ட்டு. நடுவுல ஒரு கத்திரிச் செடி வெக்க எடம் இருக்குதுங்களா?"

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"கிணத்து மூலையில இருந்து மரவள்ளிக்குள்ள பூந்து வேலி வரைக்கும் நாடா புடிங்க அண்ணா. எந்த எடத்துல நீளம் குறைச்சலோ அதைச் சொல்லுங்க. எங் கணக்குப்படி அது தொண்ணூத்தாறு அடிய தாண்டாது. தாண்டுச்சுன்னா இப்படியே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அண்ணன் செடிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது. "தொண்ணூத்தஞ்சரைக்கு மேல, ஆறுக்கு உள்ள."

பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட எனக்கு இப்படி இனித்ததில்லை. நானூற்று அறுபதையும் தொண்ணூற்றாறையும் பெருக்கிப் பாதியாக்கி, பெரியப்பாவே மண்ணில் குச்சியால் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அதே இருபத்திரண்டாயிரம்.

"வடக்கால இருபது சென்ட்டு சேத்தி அளந்து உடுடா" என்றார் அண்ணனிடம். அண்ணன் எல்லைக்கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எழுபது சென்ட்டும் என் கண்முன்னே முழுசாக விரிந்தது.

அதுவரை வாயே திறக்காத அண்ணி நாடாவைச் சுருட்டினார். அதைப் பெரியப்பாவிடம் கொடுக்காமல் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டார்.

"எம் பொறந்த ஊட்டுலயும் எனக்கு மூலைக்காடுதான் ஒதுக்கியிருக்கறாங்க அம்மிணி" என்றார், அண்ணன் காதிலும் விழும்படி. "மூணாவது பக்கத்தை நாளைக்கே அளந்துட்டு வாரேன். கணக்குப் போட்டுக் குடுங்க."