சாவியைக் குலுக்கிய ஆட்டோக்காரர்

குன்னத்துகால் சந்திப்பில் ஓர் ஆட்டோக்காரர் நாய்க்குட்டி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, பட்டன் இல்லாத காக்கிச் சட்டை. பின் இருக்கையில் விரித்த சாக்கின் மேல் ஒரு கறுப்புக் குட்டி கிடந்தது.

பேசும்போதெல்லாம் அவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். சாவி போகும் பக்கமெல்லாம் குட்டி முகத்தைத் திருப்பியது.

“கண்டீங்களா சாறே, ஒரு கொழப்பமும் இல்ல.”

எனக்கு அந்தச் சாவி பிடிக்கவில்லை. குட்டியின் கண்மணிக்குள் பால் கலந்தாற்போல் ஒரு வெண்மை வேறு தெரிந்தது.

“சாவியப் பாக்கெட்டுல போடும்” என்றேன். குட்டியின் காதைத் துடைத்துப் பார்க்கக் கொண்டுபோயிருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, அதன் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் விழவிட்டேன். குட்டி திரும்பவே இல்லை. மறுபடியும் விட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

“இதுக்குக் கண்ணு காணாது. என்னைய ஏமாத்தப் பாத்தீரா?”

அவர் கோபப்படவில்லை. “கண்டுபிடிச்சவன் ஒருத்தனும் இதக் கொண்டுபோகல்ல. கண்டுபிடிக்காதவனுக்கு நான் கொடுக்கவும் இல்ல ஆக்கும்” என்றார்.

நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் நான் போன பஸ் அதே சந்திப்பில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சாவிச் சத்தம். வேறொருவர் ஆட்டோவுக்குள் குனிந்து, “நல்ல சுறுசுறுப்பு, இத நான் எடுத்துக்கிடுதேன்” என்றார்.

ஆட்டோக்காரர் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “இல்ல மக்கா, இது ஒருத்தருக்குச் சொல்லி வச்சாச்சு.”

பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.