ஆம்பூர்த் தோல் உறை

வேலூரில் எங்களுக்குப் பழைய கார் விற்றவர், நின்றிருக்கும் வண்டியில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்வார். "இந்த பெல்ட்ட மொத மொதல்ல கொண்டாந்த கம்பெனியே இதுதான் மேடம். மத்த கம்பெனிக்கும் அந்த டிசைன காசு வாங்காம சும்மாவே வுட்டுக் குடுத்தாங்க" என்றார். அதை நம்பித்தான், மகளுக்காக வாங்கினோம். ஆம்பூர்த் தோலில் சீட் உறைகளும் அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்தார்.

சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஏர்பேக், அந்த உறையை மீறி விரியாது என்று சர்வீசில் சொன்னார்கள். வண்டி விற்றவரிடமே போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். லெதர் போடலன்னா நம்ம பக்கம் யாரு மேடம் வண்டி வாங்குறாங்க?"

சொல்லிக்கொண்டே தன் காரில் ஏறி பெல்ட்டை மாட்டினார். அவர் சீட்டில் உறை இல்லை.

எங்கள் உறைகளை அன்றே பிரித்துவிட்டோம். ஆனால் வண்டி எடுத்த அன்று என் மகளுக்கு பெல்ட் மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்ததும் அவர்தான்.